ஊருக்கு பஸ் விட்ட அதிகாரிக்கு விழா எடுப்பது எப்படி

சால்வை, ஆளுயர மாலை, ஒரு ஷீல்டு, அப்புறம் நாலு பேர் மேடையேறி ‘அன்னாரின் அரும்பணி’ என்று பேசுவது. ஓய்வு பெற்ற அதிகாரிக்கு வேலூர் பக்கம் எடுக்கிற விழா பெரும்பாலும் இவ்வளவுதான். அன்னார் என்ன பணி செய்தார் என்று கேட்டால் மேடையில் இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு தாலுகாவில் இருக்கிற எங்கள் ஊரில், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு விழா எடுத்தோம். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஆள் இன்னும் பணியில் இருந்தால் துறை அனுமதி இல்லாமல் மேடை போடாதீர்கள், நீங்கள் போடுகிற மாலை அவருக்கே வினையாக முடியும். ஓய்வு பெற்றவர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

மண்டபம் பார்க்கும் முன்னால் அவர் விட்ட வண்டிகளின் கணக்கை எடுங்கள். எந்த ரூட், எத்தனை சிங்கிள் (ஒரு வழி நடை), முதல் வண்டி எத்தனை மணிக்கு, எந்த ஊரில் நைட் ஹால்ட் (வண்டி ராத்தங்கல்). இதையெல்லாம் பழைய கண்டக்டர்களும் டைம் கீப்பர்களும் விரல்நுனியில் வைத்திருப்பார்கள். எங்களுக்கு ஒரு பெரியவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விடிகாலை 5.20 வண்டியின் கதையைச் சொன்னார். முன்பெல்லாம் எங்கள் ஊருக்கு முதல் வண்டியே 7 மணிக்குத்தான், சிஎம்சிக்குப் போகிற நோயாளியும் பூக்கூடைக்காரம்மாவும் காலேஜ் பிள்ளைகளும் அதே வண்டியில் தொங்கிக்கொண்டு போவார்கள். மனு கொடுத்து மனு கொடுத்து ஊரே ஓய்ந்து போயிருந்தபோது, நம் அதிகாரி ஜீப்பை விட்டுவிட்டு அந்த 7 மணி வண்டியில் ஏறி வேலூர் வரை நின்றுகொண்டே போயிருக்கிறார். வண்டி ராத்திரி இங்கேயே தங்கினால் காலையில் டிப்போவிலிருந்து காலியாக ஓடி வர வேண்டாம், டீசலும் மிச்சம். ஆனால் டிரைவரும் கண்டக்டரும் எங்கே படுப்பது? பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு அறை, ஒரு ஃபேன், ஒரு கக்கூஸ் கேட்டு வாங்கிய பிறகுதான் அந்த 5.20 வண்டியை விட்டாராம். அதற்கு முன்பு பக்கத்து ஊர் நைட் ஹால்ட்டில் கலெக்‌ஷன் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சீட்டிலேயே சுருண்டு படுத்தவர்தான் இந்தப் பெரியவர், அதனால் அந்த ஃபேனைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார். மேடையில் சொல்ல வேண்டியது இந்த மாதிரி விஷயம்தான்.

வேலூரோடு தேடலை நிறுத்தாதீர்கள். 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வண்டிக்கு இந்த எல்லையெல்லாம் ஏது? பௌர்ணமி கிரிவல ஸ்பெஷல் வண்டிகளைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் திருவண்ணாமலை ஆட்களைத்தான் பிடிக்க வேண்டும். வாய்வழிச் செய்தியில் ஆண்டு குழம்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு வந்த பதிலில் பாதி ‘பதிவேடு இல்லை’ என்றிருந்தது, அது வேறு கதை.

ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு ரூட் தனி ஆளால் வருவதில்லை. கிளை மேலாளர் எழுதுவார், மேலே பொது மேலாளர் பார்ப்பார், ரோடு போட்டவர்கள் வேறு, சட்டமன்றத்தில் கேட்டவர் வேறு. எல்லாவற்றையும் இவர் தலையில் ஏற்றிப் பேசினால் கூச்சப்படப் போவது அவர்தான். விழாவுக்கு முன்பே எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். நாங்கள் காட்டியபோது மூன்று வரியை அடித்துவிட்டு, முதல் நைட் ஹால்ட் டிரைவரின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். அந்த டிரைவரையும் மேடையில் உட்கார வைத்தோம்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர், நிழற்குடைக்கு அவர் பெயர் என்று யாராவது கிளம்பினால் மெதுவாகத் தட்டிக் கழித்துவிடுங்கள். 1982-ல் வேலூரைத் தலைமையிடமாக வைத்து வந்த போக்குவரத்துக் கழகத்துக்குச் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர்தான் இருந்தது. தென் மாவட்டங்களில் ஒரு கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்து சாதி மோதல் வெடித்ததும், 1997-ல் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். பெரிய தலைவர்களுக்கே இந்தக் கதி, நம் ஊர் நிழற்குடை எம்மாத்திரம்.

ஷீல்டுக்குப் பதிலாக நாங்கள் ஒரு தகர போர்டு கொடுத்தோம். பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவரைத் தேடிப் பிடித்து, வண்டி முன்னால் மாட்டுகிற அதே அளவில் ‘வேலூர் – ஒடுகத்தூர், வழி: ஊசூர், அணைக்கட்டு’ என்று பெயின்ட்டில் எழுத வைத்தோம். ‘ஊசூர்’ எழுதும்போது இடம் போதாமல் ‘ர்’ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. திருத்தட்டுமா என்று கேட்டார், அப்படியே விடச் சொன்னோம், நிஜ போர்டு அப்படித்தானே இருக்கும். கூடவே ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ.

நாள் குறிக்கும்போது முகூர்த்தம், பௌர்ணமி இரண்டையும் தவிருங்கள், ஸ்பெஷல் வண்டி ஓட்டப் போய்விடுவார்கள், ஒரு டிரைவரும் வர மாட்டார். ரோட்டை அடைத்துப் பந்தல், ஃப்ளெக்ஸ் எதுவும் வேண்டாம். வாழ்நாளெல்லாம் வண்டி நேரத்துக்குப் போக வேண்டும் என்று உழைத்த ஆளுக்கு வண்டியை மறித்து விழா எடுப்பது நல்லாவா இருக்கும்? அழைப்பிதழில் பெயர் வரிசை தகராறு எப்படியும் வரும், அகர வரிசை போட்டுத் தப்பியுங்கள்.

அவரைக் காரில் கூட்டி வராதீர்கள். அவர் விட்ட வண்டியிலேயே, அதன் வழக்கமான நேரத்தில் கூட்டி வாருங்கள். டவுன் பஸ் என்றால் அவருக்கு மட்டும் டிக்கெட், வீட்டம்மாவுக்கு இலவசம். எங்கள் விழாவில் அந்த அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசி வண்டிக்கு அரை மணி நேரம் முன்னால் விழாவை முடித்துவிடுங்கள். எங்கள் விழாவில் வாழ்த்துரை சொல்ல வந்த ஒருவர் மைக்கை விடவே இல்லை. விழா நாயகர்தான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, “8.50 வண்டிக்கு ஜனங்க போகணும்” என்று சொல்லி, போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டாப்பிங்குக்கு நடக்க ஆரம்பித்தார்.