பண்ணை விளையாட்டில் தீயணைப்பு மோட்: திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

ஃபார்மிங் சிமுலேட்டர் என்ற பண்ணை விளையாட்டுக்குத் தீயணைப்பு வண்டி மோட்கள், அதாவது விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதிகள், எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. வண்டி இருக்கிறது, சைரன் இருக்கிறது, அணைக்கத் தீதான் இல்லை. அதனால் மோட்டுக்காக லுவா என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதப் பழகுகிறவர்களில் பலர் ‘தீயையும் நாமே வைத்துவிட்டால் என்ன?’ என்று இறங்கிவிடுகிறார்கள். பார்த்துச் சொல்லச் சொல்லி எனக்கு வரும் ஸ்கிரிப்ட்களைத் திறந்தால், நான் பழகிய காலத்தில் செய்த கோளாறுகளே வரி மாறாமல் இருக்கின்றன. ஜிப் செய்ய மறப்பது, எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் டேக்கை மூடாமல் விடுவது போன்றவற்றை, விளையாட்டு தன் பிழைகளை எழுதிவைக்கும் லாக் கோப்பே காட்டிக்கொடுத்துவிடும். லாக்கில் வராதவைதான் ஆளைப் படுத்தும்.

ஆளுக்கொரு தீ

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைப்பது இதுதான்.

பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில், மோட்டின் அப்டேட் பகுதி ஆட்டத்தை நடத்தும் சர்வரிலும் ஓடும், சேர்ந்திருக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் (கிளையன்ட்) ஓடும். புதிதாக எழுதுபவர் வயலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அதற்குள் இப்படி வைப்பார்: ரேண்டமாக ஓர் எண் எடு, அது இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பக்கத்துக் கட்டத்துக்கும் தீ பரவட்டும். படித்தால் தப்பே தெரியாது. ஆனால் நாலு கணினி நாலு எண் எடுக்கிறது, நாலு தீ நாலு பக்கம் போகிறது. எழுதியவர் தன் கணினியில் தானே ஹோஸ்ட் செய்து பார்த்திருப்பார். அங்கே சர்வரும் அவர்தான், கிளையன்ட்டும் அவர்தான். அருமையாக எரியும். அதை நம்பி ‘மல்டிபிளேயரில் சோதித்தது’ என்று எழுதி வெளியிட்டுவிடுவார்.

அப்படி ஒரு மோட்டை எங்கள் குழுவின் சர்வரில் போட்டுப் பார்த்தோம். “வடக்கு மூலைக்கு வாங்க, அங்கதான் எரியுது” என்று ஒருவர் கத்துகிறார். “அங்க ஒண்ணுமே இல்லையே அண்ணா, தெற்கால மரத்தடியில எரியுது” என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் திரையில் வயல் முழுக்க ஏற்கெனவே சாம்பல். சும்மா பார்க்கலாமே என்று அவர் அந்தச் சாம்பல் மேல் கம்பைனை ஓட்டினார். தொட்டியில் கோதுமை ஏறிக்கொண்டே போனது! பயிர் கருகியது அவர் கணினியில் மட்டும்தான். சர்வரைப் பொறுத்தவரை கதிர் அப்படியே நின்றது, அறுவடைக் கணக்கு சர்வருடையது. இதற்குள் பிங் (இணையத் தாமதம்) சரியில்லை என்று ஒருவர் ரவுட்டரை அணைத்துப் போட்டிருந்தார்.

அதனால் பகடையை உருட்டுவது சர்வர் மட்டும்தான். எது பற்றியது, எது அணைந்தது, பயிர் எங்கே போனது எல்லாம் அங்கேதான் முடிவாக வேண்டும். குழாயைத் திறப்பவரின் கணினி ‘இந்த இடத்தில் தண்ணீர் அடிக்கிறேன்’ என்று ஓர் ஈவென்ட், அதாவது ஒரு சின்னச் செய்தி, அனுப்பினால் போதும். தொட்டியில் லிட்டரைக் குறைப்பதும் கட்டத்தைக் குளிர வைப்பதும் சர்வரின் வேலை. மற்ற கணினிகள் வந்த செய்திக்கேற்பப் புகையையும் ஜுவாலையையும் காட்டினால் சரி.

இதைச் சொன்னதும் அடுத்த தவறு உடனே வரும்: ஒவ்வொரு ஃபிரேமிலும் வயல் முழுவதையும் அனுப்புவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர். 5 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் 400 கட்டம். ஒரு கட்டத்தின் எண்ணுக்கு 9 பிட், பச்சை – எரிகிறது – சாம்பல் என்ற நிலைக்கு 2 பிட், ஆக 11 பிட். நிலை மாறிய கட்டத்தை மட்டும், மாறும்போது மட்டும் அனுப்பினால் வலைக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் அந்த 9 பிட்டை அப்படியே பெரிய வயலுக்கும் கொண்டுபோகாதீர்கள். 9 பிட்டில் 511-க்கு மேல் எண் அடங்காது. பத்து ஹெக்டேருக்கு 4000 கட்டம், 12 பிட் வேண்டும். சின்ன வயலில் சோதித்துவிட்டுப் பெரிய மேப்பில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

எழுதும் வரிசையும் படிக்கும் வரிசையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். செய்தியை எழுதும் ரைட்ஸ்ட்ரீமில் முதலில் கட்ட எண், பிறகு நிலை என்றால் அதைப் படிக்கும் ரீட்ஸ்ட்ரீமிலும் அதே வரிசை, அதே பிட் அளவு. ஒரு பிட் பிசகினாலும் அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் குப்பை. பிழைச் செய்தியோ சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு டிராக்டரின் பெயரில் வரும். ஆள் அந்த டிராக்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

அப்புறம், பாதியில் வந்து சேர்பவர். மாற்றங்களை மட்டும் அனுப்பினால், அவர் வருவதற்கு முன் எரிந்தது அவருக்குத் தெரியாது. சேரும் நேரத்தில் எரிகிற, எரிந்து முடிந்த கட்டங்களின் முழு நிலையையும் ஒருமுறை அனுப்பியாக வேண்டும். சோதிப்பதென்றால், யாரும் ஆடாமல் சர்வராக மட்டுமே ஓடும் டெடிகேட்டட் சர்வர் ஒன்றை ஓடவிட்டு, தீ வைத்து, ஒரு நிமிடம் கழித்து இன்னொரு கணினியிலிருந்து உள்ளே வாருங்கள். அதுவரை ‘சோதித்தது’ என்ற சொல்லை எழுதாதீர்கள்.

சேவ் கேம்

எரியும்போது சேவ் செய்து, வெளியேறி, திரும்ப ஏற்றி, தீ விட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

தீயணைப்பு வண்டி மட்டுமே கதாநாயகன்

ஜெர்மனியின் எல்எஃப் 20 வகைத் தீயணைப்பு வண்டியில் 2000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதன் பம்பு 10 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2000 லிட்டர் தள்ளக்கூடியது. முழு வேகத்தில் அடித்தால் ஒரே நிமிடத்தில் தொட்டி காலி. விளையாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம், ஆனால் புதிதாக எழுதுபவர்கள் தொட்டியை வற்றாத ஊற்றாக்கிவிடுகிறார்கள். ஒருவர் குழாயைப் பிடிக்கிறார், மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு எதற்கு மல்டிபிளேயர்?

ஜெர்மனியில் வறண்ட கோடைகளில் வைக்கோல் தாள் பற்றிக்கொண்டால் விவசாயிகளே களத்தில் இறங்குகிறார்கள். சாணக் கரைசல் டேங்கரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார்கள். இன்னொருவர் டிராக்டரில் சட்டிக் கலப்பையை மாட்டி, காற்று போகும் பக்கம் முன்னதாகவே போய், தாளை மண்ணோடு புரட்டி ஒரு பட்டை ஓட்டிவிடுவார். எரிய ஒன்றும் இல்லாத மண்ணில் தீ நின்றுவிடும். டேங்கர், கலப்பை, டிராக்டர் மூன்றும் விளையாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. உழுத கட்டத்தில் தீ பரவாது என்று ஒரு நிபந்தனை, டேங்கரின் எக்ஸ்எம்எல்லில் தண்ணீருக்கு அனுமதி, காற்றுக்கு ஒரு திசை. இவ்வளவு செய்தாலே நாலு பேருக்கும் வேலை வந்துவிடும்.

தீயணைத்தால் காசு

பற்ற வைத்துவிட்டு அணைப்பார்கள். நிச்சயம் செய்வார்கள்.

எத்தனை தீ அணைத்தார் என்று எண்ணிக் கூலி கொடுக்காதீர்கள். எரியாமல் தப்பிய பரப்பைப் பார்த்துக் கொடுங்கள். ஒப்பந்தம் எடுத்த பண்ணைக்கு மட்டும் பணம் என்ற வழக்கமும் இங்கே ஒத்துவராது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் டீசலைச் செலவழித்து மூன்று நடை தண்ணீர் கொண்டுவந்து ஒரு பைசா கிடைக்காமல் திரும்பினால், அடுத்த சைரனுக்கு மேப்பைக்கூடத் திறந்து பார்க்க மாட்டார். கொண்டுவந்த லிட்டருக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள்.

கயிறு கட்டி இழுக்கும் மீட்பு

தானியச் சேமிப்புக் கலத்துக்குள் ஆள் புதைந்துபோவது அருமையான மீட்புப் பணி. ஆனால் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: வின்ச்சை (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) மாட்டு, இழு, முடிந்தது. நிஜத்தில் இடுப்புக்கு மேல் தானியம் இறுக்கிப் பிடித்த ஆளை இழுத்தால் உடம்புக்குத்தான் சேதம். முதலில் கீழே தானியத்தை வெளியே தள்ளும் ஆகரை நிறுத்துவார்கள், அது ஓடினால் ஆள் இன்னும் உள்ளே போவார். பிறகு ஆளைச் சுற்றித் தகடுகளை இறக்கி அரண் கட்டி, அதற்குள் இருக்கும் தானியத்தை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள்.

விளையாட்டின் கலத்துக்குள் தானியம் வெறும் எண்தான், மணி மணியாக எதுவும் கிடையாது. அதனால் புதைவதை இயற்பியலாகச் செய்ய முயன்று மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தகடு இறக்கும் அனிமேஷனும் சர்வரில் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவும் போதும். அதோடு ஒரு விதி: ஆள் உள்ளே இருக்கும்போது யாராவது தெரியாமல் அந்தக் கலத்திலிருந்து டிரெய்லருக்குத் தானியம் இறக்கத் தொடங்கினால் பணி தோல்வி. யாரோ ஒருவர் கட்டாயம் இறக்குவார். அப்போது குரல் அரட்டையில் எழும் சத்தத்துக்காகவே இதை வைக்கலாம்.

விளக்கும் புகையும்

எரியும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிஜ ஒளிவிளக்கு வைக்காதீர்கள். நிழலோடு ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரு தீக்கூட்டத்துக்கு ஒரு விளக்கு போதும், தூரத்தில் இருப்பவருக்குப் புகைத் தூண் மட்டும் தெரிந்தால் போதும்.

சைரன்

மேப் முழுக்கக் கேட்க வேண்டாம்.

கன்சோல்

சொந்த ஸ்கிரிப்ட் உள்ள மோட்களுக்கு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களில் அனுமதி இல்லை. ‘எப்போது வரும்’ என்று கேட்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.