பிரான்சில் தனியாக ஓய்வுக்காலமா? இந்தத் தாளை எழுதி வையுங்கள்

ஓய்வுபெற்றதும் பிரான்சில் தனியாகக் குடியேற நினைப்பவர்கள் வீடு, விசா என்றே மண்டையை உடைத்துக்கொள்வார்கள். குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும் நீண்டகால விசிட்டர் விசாவை, போய் இறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். சரி, அதை எல்லோரும் சொல்வார்கள்.

தனியாள் மறப்பது வேறொன்று. நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால், உங்கள் விருப்பத்தை டாக்டரிடம் யார் சொல்வது? அதற்காகவே அங்கே ‘பெர்சோன் த கோன்ஃபியான்ஸ்’, அதாவது நம்பிக்கைக்குரியவர் என்று ஒருவரை எழுதி நியமிக்கலாம். உறவாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு நண்பரே போதும். ஒரு வெள்ளைத்தாள், அதில் உங்கள் கையெழுத்து, அவர் கையெழுத்து, அவ்வளவுதான். நோட்டரி வேண்டாம், செலவும் இல்லை. பிரதி ஒன்றைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள், இன்னொன்று பர்ஸில் இருக்கட்டும். அப்புறம் அந்த நண்பரோடு மனஸ்தாபம் வந்தால், ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.