முதுகெலும்பில் கை வைக்கும் முன்: மேனிபுலேஷன், மொபிலைசேஷன் யாருக்கு ஆகாது?

பிசியோதெரபி படிக்க வருபவர்கள் முதலில் ஆசைப்படுவது அந்த 'டப்' சத்தத்துக்குத்தான். நெட்டி முறித்தது போல ஒரு சத்தம் கேட்டால் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நோயாளியும் நம்புகிறார், கை வைத்தவரும் நம்புகிறார். உண்மையில் அது மூட்டுத் திரவத்துக்குள் அழுத்தம் சட்டென்று குறைவதால் உண்டாகும் வாயுக் குமிழியின் சத்தம். எலும்பு எங்கும் நகர்ந்து உட்காரவில்லை. கையை எங்கே வைப்பது என்று கற்பதற்கு முன், எந்த முதுகில் வைக்கவே கூடாது என்று கற்க வேண்டும். அந்த வரிசையில்தான் இந்த விளக்கம் போகிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

மொபிலைசேஷன் என்பது மூட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப அசைப்பது. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் மெயிட்லண்ட் வகுத்த முறையில் இதற்கு நான்கு படிகள் உண்டு. முதல் படி, அசைவின் தொடக்கத்திலேயே மிகச் சிறிய வீச்சு. இரண்டாவது, தடை தட்டுப்படாத எல்லைக்குள் பெரிய வீச்சு. மூன்றாவது, தடைக்குள் போகும் பெரிய வீச்சு. நான்காவது, தடைக்குள்ளேயே சிறிய வீச்சு. மேனிபுலேஷனை ஐந்தாம் படி என்பார்கள்: அசைவின் விளிம்பில் வேகமாக, மிகக் குறைந்த தூரத்துக்குக் கொடுக்கும் ஓர் உந்தல். மொபிலைசேஷனின்போது நோயாளி "வலிக்குது, நிறுத்துங்க" என்றால் நிறுத்திவிடலாம். உந்தல் அவர் வாய் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இதனால் ஒரு தவறான பழக்கம் பரவியிருக்கிறது. "சந்தேகமா இருக்கா? அப்ப மேனிபுலேஷன் வேண்டாம், மொபிலைசேஷன் பண்ணிடலாம்" என்கிறார்கள். காசநோய் அரித்த முள்ளெலும்பும் புற்றுநோய் பரவிய முள்ளெலும்பும் மூன்றாம், நான்காம் படி அழுத்தத்துக்கே நொறுங்கக்கூடியவை. நோய் என்னவென்று தெரியாதபோது மென்மையான கை பாதுகாப்பு ஆகாது. அது நாள் கடத்துவதற்கு மட்டுமே உதவும்.

படி 1: நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள்

கட்டிலில் படுக்க வைத்த பிறகு கேட்டால் பதில் ஒற்றைச் சொல்லாகத்தான் வரும். முகம் பார்த்து உட்கார்ந்து, பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

*இரவு வலி.* "ராத்திரி வலிக்குதா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். "புரண்டு படுத்தால் வலி குறைகிறதா, எப்படிப் படுத்தாலும் குறையவில்லையா?" என்று கேளுங்கள். இரண்டாவது வகைதான் கவலைக்குரியது. அதோடு மாலைக் காய்ச்சல், பசியின்மை, காரணமில்லாமல் எடை குறைதல், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயை முதலில் நினையுங்கள். இது நம் ஊரில் அரிய நோய் அல்ல. பெரும்பாலும் நடுமுதுகிலும் அதற்குச் சற்றுக் கீழும், அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளையும் இடையிலுள்ள தட்டையும் பிடிக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம். எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை போன பிறகுதான் படத்தில் குறை தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற தாளை நம்பி அழுத்தாதீர்கள். எம்.ஆர்.ஐ. இதை முன்னதாகவே காட்டிவிடும்.

*புற்றுநோய்.* மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவும். பல வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் "கேன்சர் இருந்ததா?" என்ற கேள்வி மட்டும் போதாது. "எப்போதாவது கட்டி எடுத்தார்களா? கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்களா?" என்றும் கேளுங்கள். கூட வந்தவரிடம் தனியாகவும் ஒரு முறை விசாரியுங்கள்.

*மாத்திரைகள்.* வாயால் சொல்வதை நம்பாமல் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதம் எடுத்திருந்தால் எலும்பு பலவீனமாகியிருக்கும் என்றே கொள்ளுங்கள். இதய வால்வு மாற்றியவர்கள் பலர் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுவார்கள். இவர்களுக்கு உந்தல் கொடுத்தால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து தேங்கும் அபாயம் உண்டு.

*சிறுநீர், மலம், தொடு உணர்வு.* கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் விடக் கூடாத கேள்வி இதுதான். இடுப்புவலிக்காரர் எல்லோரிடமும் இப்படிக் கேளுங்கள்: "சிறுநீர் முட்டுகிற உணர்வு வழக்கம்போல இருக்கிறதா? முக்கித்தான் கழிக்க வேண்டியிருக்கிறதா? மலம் கழித்துக் கழுவும்போது கை படுவது தெரிகிறதா?" தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கொத்தை (காடா ஈக்வைனா) பெரிய தட்டுப் பிதுக்கம் நசுக்கினால் முதலில் இந்த உணர்வுகள்தான் மங்கும். தன்னையறியாமல் சிறுநீர் போவது பிந்தைய நிலை. அதுவரை காத்திருந்தால் சிறுநீர்ப்பை திரும்பச் சரியாகாமலே போகலாம். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது, இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் வலி, பாலுறவு உணர்வில் புதிதாகக் குறைவு ஆகியவையும் இதே கணக்கில் சேரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் வரச் சொல்வதற்கு இதில் இடமில்லை.

படி 2: கழுத்துவலி என்றால் கூடுதலாக

முதுகெலும்புத் தமனி இருபுறமும் கழுத்தின் ஆறாவது முள்ளெலும்பிலிருந்து (சி6) உச்சியிலுள்ள முதலாவது (சி1) வரை எலும்புத் துளைகளின் வழியே ஏறி மூளைக்குப் போகிறது. தலையைத் திருப்பும் அசைவில் பெரும்பங்கு சி1, சி2 இடையே நடப்பதால் தமனி அங்கேதான் இழுபடும். அதன் உட்சுவர் கிழிந்து ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரும்.

புதியவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தமனி கிழிந்த பிறகு சில நாட்கள் வெறும் கழுத்துவலியும் தலைவலியும் மட்டுமே இருக்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 45 வயதுக்கு உட்பட்டவர்களில் இந்த வகைப் பக்கவாதத்துக்கும் கைரோபிராக்டர்களிடம் (முதுகெலும்பைக் கையால் உந்திச் சிகிச்சை தருபவர்கள்) போனதற்கும் தொடர்பு தெரிந்தது. பொது மருத்துவரிடம் போனதற்கும் அதே போன்ற தொடர்பு தெரிந்தது. அதாவது, சிலர் கிழிந்த தமனியோடுதான் உதவி தேடி வந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் அறைக்கும் வரலாம். அவர் கழுத்தை நீங்கள் திருப்பினால் இருக்கும் உறைகட்டி நகர்ந்துவிடக்கூடும்.

"இப்படி ஒரு வலி இதுவரை வந்ததே இல்லை" என்று அவர் சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், திடீரென்று கால் மடங்கி விழுதல், தள்ளாட்டம், குமட்டல், முகத்தில் மரத்துப் போதல், கண்விழி தானாகத் துடித்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பாருங்கள். ஒரு கண்ணின் இமை இறங்கி, அந்தக் கண்மணி மட்டும் சிறுத்திருந்தால் முன்கழுத்துத் தமனியைச் சந்தேகியுங்கள். ரத்த அழுத்தத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். கழுத்தைப் பின்னால் சாய்த்துத் திருப்பிப் பிடித்துத் தலைசுற்றுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை நம்பத்தக்கதல்ல. அதில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகத் தமனி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

அடிபட்டு வந்தவரானால் கனடிய கழுத்தெலும்பு விதியைப் பயன்படுத்துங்கள். வயது 65 அல்லது அதற்கு மேல், மூன்றடி உயரத்திலிருந்தோ ஐந்து படிக்கட்டிலிருந்தோ விழுந்தது போன்ற ஆபத்தான அடி, கைகால்களில் மதமதப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் படம் எடுக்க வேண்டும். எதுவும் இல்லாதபோதும், அசைத்துப் பார்ப்பதற்கு அந்த விதி கேட்கும் பாதுகாப்பான அறிகுறி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: அடிபட்ட பிறகு எழுந்து நடந்திருப்பது, கழுத்தின் நடுக்கோட்டில் தொட்டால் வலியில்லாதது போன்றவை. அப்போதுதான் கழுத்தை அவராகவே இருபக்கமும் 45 பாகை திருப்பச் சொல்லலாம். முடியாவிட்டால் அப்போதும் படம்தான்.

முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி) உள்ளவருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கும் சி1, சி2 எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம். பெரியவர்களுக்கு அந்த இரண்டு எலும்புகளுக்கு இடையே முன்பக்க இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் இயல்பில்லை. இவர்களுக்கு மேல்கழுத்தில் உந்தல் ஒருபோதும் வேண்டாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்புகிறார்களே, அந்த நாற்காலியில் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்ல உங்கள் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

படி 3: கையால் பரிசோதியுங்கள்

சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் எலும்பு முடிச்சுப் போலக் கூராகத் துருத்தினால் காசநோயோ முறிவோ இருக்கலாம். விரல் நுனியால் ஒவ்வொரு முள்ளாகத் தட்டி வாருங்கள். ஒரே ஒரு இடத்தில் துள்ளுகிற வலி வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் சத்தமில்லாமல் முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். 65 வயதைத் தாண்டிய, புகைப்பழக்கம் உள்ள ஆண் என்றால் வயிற்றிலும் கை வைத்துப் பாருங்கள். இதயத் துடிப்போடு சேர்ந்து விரியும் வீக்கம் வயிற்றுப் பெருந்தமனியுடையது.

பிறகு நரம்புகள். தசை பலம், தொடு உணர்வு, முழங்கால், கணுக்கால் அனிச்சைகளைச் சோதியுங்கள். குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள். பாதம் தொய்ந்தால் இடுப்பின் ஐந்தாவது நரம்பு (எல்5) பலமிழந்திருக்கலாம். கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறதா என்று அறிய ஐந்து விஷயங்கள் உதவும்: நடையில் தடுமாற்றம், நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் மடங்குவது, மணிக்கட்டுக்கு மேலே வெளிப்பக்கத் தசைநாணைத் தட்டினால் விரல்கள் மடங்குவது, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலெழுவது, 45க்கு மேற்பட்ட வயது. ஐந்தில் மூன்று இருந்தால் தண்டுவட நசுக்கம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறது என்று அவரே சொல்வதும் பெரிய துப்பு.

படி 4: முடிவெடுங்கள்

கையே வைக்கக் கூடாதவர்கள்: எலும்பில் புற்றுநோய், காசநோய் அல்லது சீழ்த் தொற்று, புதிய முறிவு, தண்டுவடமோ குதிரைவால் நரம்புகளோ நசுங்கும் அறிகுறி, நாளுக்கு நாள் கூடும் பலவீனம், தமனிக் கிழிசல் சந்தேகம், மேல்கழுத்துத் தளர்ச்சி. இங்கே மொபிலைசேஷனும் கிடையாது.

உந்தல் மட்டும் வேண்டாம், தாழ்ந்த படிகளைக் கவனத்தோடு யோசிக்கலாம் என்ற நிலையும் உண்டு. எலும்புப்புரை (எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா படத்தில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ்) உள்ளவரைக் குப்புறப் படுக்கவைத்து நடுமுதுகை அழுத்தினால் விலா எலும்பு முறியக்கூடும். தேவையென்றால் பக்கவாட்டில் படுக்கவைத்து முதல், இரண்டாம் படியோடு நிறுத்துங்கள். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு அழற்சி நோயில் இணைந்து இறுகிய முதுகு மூங்கில் போல ஆகிவிடும். சிறு விசைக்கே முறியும். முள்ளெலும்பு முன்னால் நழுவியிருந்தால் அந்த மட்டத்தின் மேல் பின்னாலிருந்து அழுத்தாதீர்கள். கர்ப்பிணிகளைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள். உதிரப்போக்கு இருந்தால் எதுவுமே வேண்டாம். ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவரின் மருத்துவரிடம் பேசாமல் தொடங்காதீர்கள்.

நரம்பு வேர் வலி (நரம்பின் தொடக்கத்தில் உறுத்தி கை அல்லது காலுக்கு இறங்கும் வலி) மட்டும், பலவீனம் இல்லாமல், மாறாமல் இருந்தால் அது தடை அல்ல. அதையும் ஆபத்துப் பட்டியலில் போட்டு நோயாளியைத் திருப்பி அனுப்புவது இன்னொரு வகைத் தவறு.

வேறு சில காரணங்களும் உண்டு. அவர் தசையைத் தளர்த்த முடியாமல் இறுக்கிக்கொண்டிருக்கிறார்; நீங்கள் சொல்வது அவர் மொழியில் அவருக்குப் புரியவில்லை; அவருக்கு விருப்பமில்லை; அந்த நுட்பத்தை நீங்கள் ஆசிரியர் மேற்பார்வையில் போதுமான அளவு பழகவில்லை. இதில் எது இருந்தாலும் உந்தலைக் கைவிடுங்கள்.

படி 5: செய்யும்போதும் செய்த பிறகும்

என்ன செய்யப் போகிறீர்கள், என்ன தீங்கு வரலாம், வேறு வழி என்ன என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். உந்தலுக்கு முன் அதே நிலையில் சில விநாடிகள் பிடித்து வைத்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வலி கை அல்லது காலுக்கு இறங்கினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே விடுங்கள்.

ஓரிரு நாள் லேசான வலி, அசதி சகஜம். பேச்சுக் குழறல், முகம் கோணல், ஒருபக்கம் பலமிழத்தல், சிறுநீர் அடைப்பு ஆகியவை சகஜமல்ல. இவை வந்தால் தடவிக் கொடுத்துக்கொண்டு உட்காராமல் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருகையிலும் படி 1ன் கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். திங்களன்று சரியாக இருந்த சிறுநீர்ப்பை வியாழனன்று சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மருத்துவரிடம் அனுப்பும்போது "முதுகுவலி, பார்க்கவும்" என்று எழுதினால் அவர் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருப்பார். இப்படி எழுதுங்கள்: "வயது 34. இடது கால்வலி இரண்டு வாரமாக. நேற்றிரவு முதல் சிறுநீர் முட்டும் உணர்வு குறைவு. ஆசனவாயைச் சுற்றி இருபுறமும் தொடு உணர்வு குறைவு. இரு கணுக்கால் அனிச்சைகளும் இல்லை. காடா ஈக்வைனா சந்தேகம், இன்றே எம்.ஆர்.ஐ. தேவை." கீழே நேரத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி, நோயாளி கையில் கொடுத்தனுப்புவதோடு நீங்களே அழைத்தும் சொல்லிவிடுங்கள்.