முதல் ஸ்னோபோர்டுக்கு உயரம் அல்ல, எடைதான் கணக்கு

முதல் ஸ்னோபோர்டு, அதாவது நின்றபடி பனியில் சறுக்கும் பலகை, வாங்கும்போது, அதை நிமிர்த்தி வைத்து மோவாய் வரை வருகிறதா என்று பார்ப்பதை விடுங்கள். தயாரிப்பாளர் தரும் அளவு அட்டவணையில் உங்கள் எடைக்கு எந்த நீளம் என்று பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால், புதியவர்கள் குட்டையானதையே எடுக்கலாம், திருப்புவது எளிது.

பலகை வளைவதும் அதன் விளிம்பு பனியைக் கவ்வுவதும் மேலே நிற்பவரின் எடையால்தான். உங்கள் உயரம் பலகைக்குத் தெரியாது. எடைக்கு மீறிய பலகை மரக்கட்டை போல விறைத்துக்கொண்டு திரும்ப மறுக்கும். எடை தாங்காத பலகை வேகம் கூடியதும் நடுங்கும்.

அகலத்தையும் விடாதீர்கள். பூட்ஸை முதலில் வாங்கி, அதைக் கடைக்கு எடுத்துச் சென்று பைண்டிங்கில் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பு) மாட்டிப் பாருங்கள். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஓரிரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டலாம். அதற்கு மேல் போனால், பலகையைச் சாய்த்துத் திருப்பும்போது பூட்ஸ் பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும். பாதம் பெரியவர்களுக்கென்றே அகலப் பலகைகள் இருக்கின்றன. விறைப்பு 1 முதல் 10 வரை குறிக்கப்பட்டிருந்தால், 2 முதல் 4 வரை போதும். விற்பனையாளர் 7-ஐப் புகழ்ந்தாலும் அசையாதீர்கள்.

ஆழமான புதுப்பனியில் சறுக்குவதற்கான பலகைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவற்றின் நீளமும் வடிவமும் வேறு. வளரும் பிள்ளைகளுக்கும், காஷ்மீரின் குல்மார்க்குக்கு ஒரே ஒரு முறை போய்வருபவர்களுக்கும் பலகை வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.