நெற்றிச் சுழி இருப்பவர்கள் ஃப்ரிஞ்ச் வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சந்தலைச் சுழியை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரெட்டைச் சுழி என்றால் ரெண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொல்வதுகூடப் பழகிப்போனதுதான். ஆனால் நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலேயே ஒரு சுழி இருப்பது பலருக்குத் தெரியாது. எண்ணெய் தடவி, வாரி இழுத்துப் பின்னியே வளர்ந்த தலையில் அது அமுங்கிக் கிடக்கும். முன்முடியை நெற்றியில் விழும்படி குட்டையாக, அதாவது ஃப்ரிஞ்ச் வெட்டி மறுநாள் தலைகுளித்ததும், நடுவில் பிளந்து ஒரு கற்றை சேவல் கொண்டை மாதிரி எழுந்து நிற்கும்போதுதான் விஷயம் புரியும்.

சுழி என்பது முடியின் பிடிவாதம் இல்லை, வேர்க்காலின் சாய்வு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே எந்த வேர்க்கால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. சீப்போ கத்திரியோ அதை மாற்றாது. ஆகவே சுழி போகும் திசையைத் தெரிந்துகொள்ளாமல் ஃப்ரிஞ்ச் வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. கண்டுபிடிப்பது சுலபம். எண்ணெய் வைக்காமல் ஷாம்பூ போட்டுக் குளியுங்கள். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, சீப்பு படாமல், மின்விசிறிக்கு அடியில் நிற்காமல் தானாகக் காய விடுங்கள். காய்ந்ததும் முன்முடியை உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். எந்த இடத்தில் பிளக்கிறதோ அங்கேதான் சுழி; கற்றை எந்தப் பக்கம் புரள்கிறதோ அதுதான் திசை. இதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சலூனுக்குப் போங்கள்.

பெரும்பாலான விபத்துகள் ஈரமுடியில் வெட்டுவதால்தான் நடக்கின்றன. ஈரத்தில் முடி நீண்டு கனமாகத் தொங்கும், சுழி இருக்கும் இடமே தெரியாது. புருவத்தைத் தொடும்படி நேர்கோடாக வெட்டியது, காய்ந்ததும் சாதாரண இடத்தில் கொஞ்சம் ஏறும். சுழி இருக்கும் இடத்தில் வேரே மேல்நோக்கி எழும்புவதால் அதைவிட இன்னும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கூட ஏறிவிடும். நேர்கோடு அங்கே வளைந்து, பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். மும்பையில் செம்பூரானாலும் மாட்டுங்காவானாலும் சலூனில் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் தெளிப்பதுதான் வழக்கம். அந்த நேரத்திலேயே தடுத்து, ‘பஹ்லே சுகாயியே, ஃபிர் காட்டியே’ (முதலில் காயவையுங்கள், பிறகு வெட்டுங்கள்) என்று இந்தியில் சொல்லிவிடுங்கள். சுழிக்கு மராத்தியில் போவ்ரா என்று பெயர். விரலை வைத்துக் காட்டி அந்த வார்த்தையைச் சொன்னால் மராத்தி பேசும் ஸ்டைலிஸ்டுக்கு உடனே பிடிபடும். நினைத்த அளவைவிட 2 சென்டிமீட்டர் நீளமாக முதல் வெட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. கத்திரியைக் கிடையாக வைக்காமல், நுனியைச் செங்குத்தாகப் பிடித்துக் கொத்துவதுபோல் வெட்டினால் சிறு ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாது.

வகையைப் பொறுத்தவரை, சுழி ஓரத்தில் இருந்தால் அது போகும் பக்கமே சாயும் நீளமான ஃப்ரிஞ்ச். வகிட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சுழி நட்டநடுவில் இருந்தால் இரண்டாகப் பிரிந்து கன்ன எலும்பு வரை இறங்கும் கர்ட்டன் ஃப்ரிஞ்ச். எப்படியும் பிளக்கப் போகிற இடத்தில் நாமே பிளந்துவிடுகிறோம். நெற்றியின் பாதியிலேயே நின்றுவிடும் குட்டை ஃப்ரிஞ்ச் மட்டும் வேண்டாம். அமுக்கிப் பிடிக்க அதில் எடையே இருக்காது.

அந்த எடைதான் அடுத்த விஷயம். முன்வரிசை முடியை மட்டும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து மெல்லிய ஃப்ரிஞ்ச் போட்டால் அது முழுக்கச் சுழியின் முடியாகவே இருக்கும். நெற்றியோரத்திலிருந்து 4, 5 சென்டிமீட்டர் பின்னால் முக்கோணமாக ஆரம்பித்தால், சுழிக்குப் பின்னால் இருக்கும் நேரான முடி மேலே வந்து விழுந்து மூடிக்கொள்ளும். அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல்கத்திரியை வேர்ப்பக்கம் ஓட்ட விடாதீர்கள். உள்ளே குட்டையாகும் முடிகள் மேலே இருப்பதை நெம்பித் தூக்கும். சுழியை மட்டும் மழித்துவிடுவது அதைவிட மோசம்: இரண்டு வாரத்தில் முள்ளாக முளைக்கும்.

காயவைப்பதில் நேரம்தான் முக்கியம். முடி காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதிலேயே படியும். காபி குடித்துவிட்டு, புடவை கட்டிவிட்டு வந்து டிரையரை எடுத்தால் சுழி தன் வேலையை முடித்திருக்கும். குளித்து வந்ததும் ஃப்ரிஞ்ச்தான் முதலில். டிரையரில் குறுகிய மூக்கை மாட்டி, நடுத்தரச் சூட்டில், காற்று மேலிருந்து கீழே வரும்படி பிடியுங்கள். தட்டையான பிரஷ்ஷால் முடியை நெற்றியோடு ஒட்டினாற்போல முழுக்க இடப்பக்கம், பிறகு முழுக்க வலப்பக்கம் என்று மாறி மாறி வாருங்கள். இரண்டு பக்கமும் இழுபட்டால் வேர் ஒரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளாமல் நடுவில் படியும். வேர் முற்றிலும் காய்ந்ததும் குளிர்ந்த காற்று அரை நிமிடம். உருளை பிரஷ் வேரைத் தூக்கத்தான் செய்யும், சுழி மேல் அது வேண்டாம். காய்ந்த பிறகு படியவில்லை என்றால் மேலே சூடு போடுவதில் பயனில்லை. வேரை மட்டும் நனைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பைக் காற்றின் ஈரமே அந்தப் படிமானத்தைக் கலைத்துவிடும். மின்சார ரயிலில் ஏறி இறங்குவதற்குள் பிளவு திரும்பி வரும். அதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அமுக்குபவர்கள் உண்டு. கற்றை கற்றையாகப் பிரிந்து பிளவு இன்னும் பளிச்சென்று தெரியும், நெற்றியில் பருவும் வரும். பட்டாணி அளவு ஜெல்லை ஈர வேரில் தடவிக் காயவைப்பது இதைவிட நன்றாக நிற்கும். ரசாயனம் போட்டு முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்தால் சுழியே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வளர்ந்த முடிதான் நேராகும், புதிதாக முளைப்பது பழைய கோணத்திலேயே வரும்.

ஏற்கெனவே தப்பாக வெட்டியாகிவிட்டதா? சரிசெய்கிறேன் என்று இன்னும் குறைக்காதீர்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். புருவத்திலிருந்து கன்ன எலும்புக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை சுழி போகும் பக்கமாக வகிடெடுத்து, முன்முடியை நெற்றியோரமாகவே மெல்லிய பின்னலாகப் பின்னிக் காதுக்கு மேல் ஒரு கிளிப் குத்திவிடுங்கள்.