மூளை, முள்ளந்தண்டு நோய்கள்: எங்கே காத்திருக்கலாம், எங்கே காத்திருக்கலாகாது

கொட்டாஞ்சேனையில் வசித்த என் பெரியப்பா தமது 76ஆவது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நெற்றியோரம் சிறிது வீங்கியது, ஐஸ் வைத்தோம். மறுநாள் வழமைபோலக் கோயிலுக்குப் போய்வந்தார். ஐந்து வாரங்கள் கழித்துப் பேச்சினிடையே சொற்களைத் தேடத் தொடங்கினார், வலது காலை இழுத்து நடந்தார், பகலிலும் தூங்கினார். 'வயது போனால் இப்படித்தான்' என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம்; நானும் சொன்னேன். மேலும் ஒன்பது நாட்கள் அப்படியே கழிந்த பிறகுதான் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மண்டையோட்டுக்குள் மூளையின் இடப்புறத்தை அழுத்தியபடி இரத்தம் தேங்கியிருந்தது.

முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய நாளங்கள் இழுபட்ட நிலையில் இருக்கும். சிறிய அடியிலும் அவை கிழியலாம். இரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கிய பின்னரே அறிகுறி காட்டும். இதயநோய்க்காக வார்பரின், அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தத்தை இளக்கும் குளிசைகளை உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆனால் இதற்கான சிகிச்சை மூளைச் சத்திரசிகிச்சைகளுள் ஒப்பீட்டளவில் எளிமையானது. மண்டையோட்டில் ஓரிரு துளைகளிட்டுத் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றி, ஓரிரு நாட்களுக்கு ஒரு வடிகுழாயை விட்டுவைப்பார்கள். முதியவர் ஒருவர் திடீரெனத் தடுமாறினால் அதற்கு 'மறதி நோய்' என்று பெயர் சூட்டுவதற்கு முன், கடந்த மூன்று மாதங்களில் அவர் எங்கேனும் விழுந்தாரா என்பதை நினைத்துப் பார்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டதைக் கேள்விப்பட்டதும் இரத்தத்தை இளக்கும் குளிசைகளைத் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அதுவும் தவறு, இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவருக்கு அந்த நிறுத்தமே பாரிசவாதத்தைக் கொண்டுவரக்கூடும். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அதன் பிறகு, சிங்களம் தெரியாத உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் மொழிபெயர்ப்பதற்காகக் கொழும்பின் வைத்தியசாலைகளுக்குத் துணைபோவது எனக்கு வழக்கமாயிற்று. நான் கண்ட தவறுகளுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: காத்திருக்கலாகாத நோயில் காத்திருக்கிறோம், காத்திருந்தால் ஆறக்கூடிய நோயில் பதறுகிறோம்.

பதறுவதற்கு நாரி நோவே, அதாவது கீழ்முதுகு வலியே, தக்க உதாரணம். வலி தொடங்கி நான்கு நாட்களில் தனியார் நிலையமொன்றில் பெருந்தொகை கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், அறிக்கையில் 'இடைவட்டு பிதுங்கியுள்ளது' என்ற வரியைக் கண்டதும் வீடே கலங்கிப்போகிறது (இடைவட்டு என்பது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு). முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் இடைவட்டுத் தேய்வு காணப்பட்டது. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் நோயாகாது. வலி எங்கிருந்து எங்கே பரவுகிறது, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்று வைத்தியர் தொட்டுப் பார்த்து அறிவதோடு அந்தப் படம் பொருந்தினால்தான் அதற்குப் பொருளுண்டு. இடைவட்டு பிதுங்கிக் காலுக்குப் பரவும் வலிகூடப் பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் சத்திரசிகிச்சையின்றியே தணிகிறது. பிதுங்கிய துண்டை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்வதுண்டு. அந்த வாரங்களில் தேவைப்படுவன வலி மருந்தும், இயன்மருத்துவரின் வழிகாட்டலும், இயன்ற அளவு நடமாட்டமும்தான். ஒரு மாதம் கட்டிலிலேயே கிடப்பது தசைகளைத் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும்.

இதே நாரி நோவில் ஒரு மணிநேரமும் காத்திருக்கலாகாத நிலை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுவது எனக்கு ஆழ்ந்த கவலையைத் தருகிறது. பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றியுள்ள பகுதி விறைத்துப்போதல், சிறுநீர் வெளியேறாமல் அடைபடுதல் அல்லது உணராமலே கசிதல், இரு கால்களும் ஒருசேரத் தளர்தல் ஆகியவை முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அறிகுறிகள். உடனடி எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், அழுத்தத்தை நீக்கும் அவசர சத்திரசிகிச்சையும் தேவைப்படும். தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் திரும்பாமற் போகலாம். மகனைத் துணைக்கு அழைத்துவந்த ஒரு தாயார் வைத்தியரிடம் கால்வலியை மட்டும் சொல்லிவிட்டு, வெளியே வந்த பின் என் காதோடு மற்றதைச் சொன்னார். உடனே திரும்ப உள்ளே போனோம். இத்தகைய நோயாளியோடு, பெண்ணாயின் ஒரு பெண்ணே கூடச் செல்வது நல்லது. வைத்தியரும் தாதியரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

'முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும்' என்ற அச்சம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முள்ளந்தண்டுக்குள் மூளையிலிருந்து இறங்கும் நரம்புத் தண்டாகிய முண்ணாண், பெரியவர்களில் முதலாம், இரண்டாம் நாரி முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்பு வேர்கள். இடைவட்டுச் சத்திரசிகிச்சைகளில் பெரும்பாலானவை அந்தக் கீழ்ப்பகுதியில்தான் செய்யப்படுகின்றன. தொற்று, நரம்பு வேர்ச் சேதம், நரம்புகளைச் சூழ்ந்த உறை கிழிதல், மீண்டும் பிதுங்குதல் ஆகிய ஆபத்துகள் அங்கும் உண்டு. அவற்றை நேராகக் கேட்டறியலாம். ஆனால் அச்சத்தினால் மட்டும் மறுப்பது தகாது.

கழுத்தின் நிலை வேறு. சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமை, எழுத்து கோணுதல், நடை இறுகித் தடுமாறுதல் ஆகியவை மாதக்கணக்கில் கூடிவந்தால் கழுத்திலேயே முண்ணாண் நசுங்கிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் வலி இராது. அதனால்தான் அலட்சியம் செய்யப்படுகிறது. இங்கே சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. இழந்தது ஓரளவே மீளும், ஆகவே ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டம். இந்நிலையில் சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுப்பதும், கழுத்தை உருவி எண்ணெய் போடுவதும் முற்றாகத் தவிர்க்க வேண்டியவை.

வீதி விபத்தில் அல்லது உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டவரை அன்பினால் தூக்கி உட்காரவைத்து முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றுவதும் இவ்வகையில் சேரும். முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்த ஒரு மடிப்பிலேயே முண்ணாண் சேதமடையலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். அதுவரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருப்பதே பெரிய உதவி.

வாழ்நாளில் கண்டிராத கடுமையோடு சில விநாடிகளில் உச்சமடையும் தலைவலிக்கும் அதே இலக்கம்தான். மூளையின் நாடியொன்றிலுள்ள வீக்கம் வெடித்திருக்கலாம். முதல் 24 மணித்தியாலங்களில் அது மீண்டும் வெடிக்கும் ஆபத்து மிக அதிகம். மண்டையோட்டைத் திறந்து கிளிப் இடுவதா, தொடையின் அல்லது கையின் நாடி வழியே சென்று கம்பிச்சுருளால் அடைப்பதா என்பதை வீக்கத்தின் வடிவத்தையும் இடத்தையும் பார்த்து நிபுணர்கள் முடிவு செய்வார்கள். முகம் கோணி, கை தளர்ந்து பாரிசவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே அஸ்பிரின் கொடுப்பது கூடாது. அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் இல்லாமல் தெரியாது. கசிவாக இருந்தால் அந்தக் குளிசை நஞ்சாகிவிடும்.

மூளைக் கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அதை நோயாளியிடமிருந்து மறைப்பதே நம் குடும்பங்களின் முதல் வேலையாக இருக்கிறது. எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. மூளையின் உறையில் எழும் மெனிஞ்சியோமாக்கள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. சிலவற்றை ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கவனித்துவந்தாலே போதும். புற்றுநோயாக இருந்து, சத்திரசிகிச்சைக்குப் பின் மஹரகமை புற்றுநோய் வைத்தியசாலையில் கதிரியக்கச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் போய்வர வேண்டியிருந்தால், எதற்காகப் போகிறோம் என்பதை அறியாத நோயாளி எப்படி ஒத்துழைப்பார்? இன்னொரு தவறு மருந்தைப் பற்றியது. கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைத் தணிக்க டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீரோயிட் மருந்து கொடுக்கப்படும். சில நாட்களில் தலைவலி அடியோடு நீங்கிவிடுவதால், குணமாகிவிட்டது என்று எண்ணிச் சிலர் சத்திரசிகிச்சைத் திகதியைத் தவறவிடுகிறார்கள். சிலர் குளிசையைத் திடீரென நிறுத்துகிறார்கள். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. நெடுநாள் எடுத்த ஸ்டீரோயிட்டை ஒரேயடியாக நிறுத்தினால் உடல் தளர்ந்து இரத்த அழுத்தம் விழலாம். வலிப்புக்கான குளிசைகளும் அப்படித்தான். படிப்படியாகவே குறைக்கப்பட வேண்டும்.

இனி மொழி. தமிழும் அரசகரும மொழி. ஆயினும் வார்ட்டில் சம்மதப் பத்திரம் சிங்களத்தில் நீட்டப்படும்போது, கேட்டால் தாமதமாகிவிடுமோ என்று பயந்து நம்மவர்கள் கையெழுத்திடுகிறார்கள். பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க வைப்பதையும் கண்டிருக்கிறேன். என்ன செய்யப் போகிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் தாளில் எழுதிச் சென்று, தமிழறிந்த தாதியரோ வைத்தியரோ விளக்கிய பிறகு ஒப்பமிடுவது நோயாளியின் உரிமை. இரண்டாவது அபிப்பிராயம் பெறச் செல்பவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போகாமல், ஸ்கேன் படங்களையோ குறுவட்டையோ கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைத் தம் கண்ணால் பார்த்தே முடிவெடுப்பார்.

பெரியப்பாவின் நோய் நிர்ணய அட்டையையும் குறுவட்டையும் பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சாமியறையில் வைத்திருந்தார். துளையிட்டு வடித்த பின்பும் சிலருக்கு இரத்தம் மறுபடி தேங்கக்கூடும் என்று வீடு திரும்பும்போதே வைத்தியர் எச்சரித்திருந்தார். ஏழாவது வாரத்தில் ஒரு காலை பெரியப்பாவின் வலது செருப்பு காலிலிருந்து நழுவியது. அவர் அதை உணரவில்லை. பெரியம்மா டின்னை எடுத்துக்கொண்டு என்னை அழைத்தார். பத்து மணிக்குள் ஸ்கேன் முடிந்தது, பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள், அன்று மாலையே இரண்டாவது முறை வடித்தார்கள். நான்காம் நாள் அவர் வார்ட்டின் வராந்தாவில் தாமாகவே நடந்தார்.