பழைய டொயோட்டா பிக்கப்புக்கு முன்பக்க முழு ஆக்ஸில் மாட்டுவது எப்படி?

அமெரிக்காவில் விற்பனையான டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகளில் 1985 வரை முன்பக்கத்திலும் முழு ஆக்ஸிலும் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) கமான் பட்டையும்தான் இருந்தன. 1986இல் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. பட்டைக்குப் பதிலாக டார்ஷன் பார், அதாவது முறுக்கப்பட்டு ஸ்பிரிங்போல வேலை செய்யும் எஃகுத் தண்டு. தார்ச்சாலைக்கு அது சுகம். பாறையில் ஏறுபவர்களுக்குத்தான் தலைவலி: டார்ஷன் பாரை முறுக்கி வண்டியை உயர்த்தினால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டான சி.வி. ஜாயின்டின் கோணம் கூடிச் சீக்கிரம் தேயும், சக்கரம் பள்ளத்தில் இறங்கவும் இடமிருக்காது. அதனால்தான் 1986–95 வண்டிக்காரர்கள் பழைய முழு ஆக்ஸிலைத் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள்.

ஆக்ஸிலைத் தேர்ந்தெடுத்தல்

1979–85 பிக்கப்பின் முன் ஆக்ஸில் இந்த வண்டிக்கு மிகவும் பொருந்தும். எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் தண்டு வலப்பக்கம் வருகிறது; அந்த ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலும் (தண்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பற்சக்கரப் பெட்டி) வலப்பக்கமே. வேறு வண்டியின் ஆக்ஸிலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். பற்சக்கர விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இருப்பது கட்டாயம். டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. பழைய ஆக்ஸில், புதிய வண்டியின் பின் ஆக்ஸிலைவிட ஏறத்தாழ 3 அங்குலம் குறுகல். சக்கரத்தை வெளியே தள்ளும் ஒன்றரை அங்குல ஸ்பேசரைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் சரியாகிவிடும்.

பட்டையில் பேராசை வேண்டாம். முதல் முறை செய்பவருக்கு 3 அல்லது 4 அங்குல உயர்வே போதும். அதற்கு மேல் போனால் பிரேக் ஹோஸ், ஸ்டியரிங், புரொப்பல்லர் தண்டு என ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கத் தொடங்கும். தடித்த பட்டை இரண்டு மூன்று கொண்ட அடுக்கைவிட மெல்லிய பட்டைகள் பல கொண்ட அடுக்கு நன்றாக வளையும்.

வெட்டுவதற்கு முன் அளவு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முன் சக்கர மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிடுங்கள். அந்தக் குறியிலிருந்து சேசிஸில் மாறாத ஒரு துளை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பாகங்களை வெட்டியெறிந்த பிறகு ஆக்ஸில் எங்கே இருந்தது என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது.

பிறகு கழற்றல். சேசிஸைக் கனமான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். டார்ஷன் பாரின் சரிசெய் போல்டை முழுக்கத் தளர்த்தி, முறுக்கு இறங்கிய பின்பே மற்றதைத் தொடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் எதிர்முனையை (நெகட்டிவ்) கழற்றி, எரிபொருள் குழாய்களை ஒதுக்கிவிடுங்கள்.

ஹேங்கரும் கோணமும்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பட்டையின் முன் முனை சேசிஸில் அசையாது நிற்கும் தாங்கியான ஹேங்கரில், பின் முனை ஆடும் இணைப்பான ஷேக்கிளில். இரண்டையும் முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து நிறுத்துங்கள். ஆக்ஸிலை மாட்டி, வண்டியின் முழு எடையையும் இறக்கிப் பாருங்கள். அந்த நிலையில் ஷேக்கிளின் கீழ்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். முன்னோக்கிச் சாய்ந்தால் பட்டை நீள இடமின்றி முட்டும். முன் ஆக்ஸிலின் இடமுனையிலிருந்து பின் ஆக்ஸிலின் வலமுனை வரையிலும், அதற்கு எதிர்க்குறுக்கிலும் அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

அடுத்தது காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. 3 முதல் 5 டிகிரி இருந்தால் ஸ்டியரிங் தானே நேராகும். சிக்கல் என்னவென்றால், காஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலைச் சுழற்றினால் பினியனின் மூக்கு கீழே போய், புரொப்பல்லர் தண்டின் கோணம் கெடும். பின்முனையில் நீளமான ஷேக்கிள் போட்டாலும் அதே கதைதான்: காஸ்டர் கூடும், பினியன் தாழும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் பிடிக்க வேண்டும். தேவையானால் எஃகு ஆப்பு வையுங்கள், அலுமினிய ஆப்பு நசுங்கும். எல்லாம் ஒத்துவந்த பிறகே முழு வெல்டிங். சேசிஸ் வெல்டிங்கில் கை பழகாதவர் இந்த ஒரு வேலையைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடலாம்; அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஸ்டியரிங்

1986க்குப் பிந்தைய ஸ்டியரிங் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதன் கை பக்கவாட்டில் அசைவதால், வலப்பக்க நக்கிளின் (சக்கரத்தைத் திருப்பும் முட்டி) மேல் உயரமான ஒரு கையைப் பொருத்தி, பெட்டியின் கையை அதோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்கைக் குறுக்கே போட வேண்டும். அது எவ்வளவு கிடையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சரிவாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானே திரும்பும். பெட்டி நிற்கும் இடத்தில் சேசிஸுக்குத் தகடு வைத்து வலுப்படுத்துங்கள். பெரிய டயர் அங்கேதான் விரிசல் விடவைக்கும்.

மிச்ச வேலை

நீளமான பிரேக் ஹோஸ், புதிய யு-போல்ட், சக்கரம் முழுக்க ஏறும்போது ஷாக் அப்சார்பர் தட்டுவதற்கு முன்பே தடுக்கும் ரப்பர் தடை. ஒரு சக்கரத்தை முழுக்க ஏற்றி, மற்றதைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி எதுவும் இழுக்கவில்லை, உரசவில்லை என்று பாருங்கள்.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் யு-போல்ட்களை மீண்டும் இறுக்குங்கள். பட்டைகள் படிந்து கட்டாயம் தளர்ந்திருக்கும். வேகத்தில் ஸ்டியரிங் படபடவென்று ஆடினால் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டியரிங் டாம்பர் மாட்டி அதை மறைக்கப் பார்க்காதீர்கள். டயர் சமநிலை, இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள், நக்கிள் பேரிங்கின் இறுக்கம், டோ-இன் (முன் சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கிச் சாயும் அளவு), காஸ்டர் என்ற வரிசையில் சோதித்தால் காரணம் அகப்பட்டுவிடும்.